ஆம்புலன்ஸ் வீட்டுக்காரனுக்கு அண்ணி எழுதுவது

என் அருமைக் கொழுந்தனாரே, இசக்கிமுத்துவே,

நீ உயிரோடு இருந்தபோது உன்னை நான் இப்படி மரியாதையாகக் கூப்பிட்டதே இல்லை. ‘ஏ இசக்கி’ என்றுதான் கூப்பிடுவேன், அதுவும் பாதி நேரம் திட்டுவதற்கு. இப்போது எழுத உட்கார்ந்ததும் பேனா தானாகவே கொழுந்தனாரே என்கிறது. சிரித்துக்கொள். இங்கே நம் ஊர்க்காரர்கள் போடும் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். சமையல் குறிப்பு வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நமக்குள் என்ன ரகசியம்?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். வள்ளி வருகிறாள். உன் பெண்டாட்டி வள்ளிதான். இன்று சாயங்காலம் வந்து இறங்குகிறாள். உன் அண்ணன் மத்தியானமே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, விமான நிலையத்தில் ஏதோ மந்திரியை வரவேற்கப் போகிறவர் மாதிரி கிளம்பிவிட்டார். நான் வண்டிக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஷார்ஜா தொழில்பேட்டையில், நீ வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம், நீ நிறுத்திய அதே இடத்தில்தான் வண்டி நிற்கிறது. நீ பொருத்திய ஏசி இன்னும் இருமிக்கொண்டே ஓடுகிறது.

எனக்கு ஒரே கவலைதான். வருகிறவள் இந்த வண்டியில் ஏறுவாளா, மாட்டாளா? ஏறாவிட்டால் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ பட்ட பாடு பாதியில் நின்ற மாதிரி எனக்கு ஆகிவிடும். நீ எங்களுக்காகச் செய்ததாகச் சொன்ன வீடு, பாதி அவளுக்காகவும் செய்தது என்று எனக்குத் தெரியும்.

படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா, அதனால் ஆரம்பத்தில் இருந்து சொல்கிறேன். ‘தெரிஞ்ச கதைதான அண்ணி’ என்று கொட்டாவி விடாதே.

அந்த வருஷம் வாடகை ஏறிய ஏற்றம் உனக்கு நினைவிருக்கும். எங்கள் கட்டடத்துக்காரர் ஒரேயடியாக ஏற்றினார். கட்டுபடியாகாது என்றால் காலி செய்யுங்கள் என்றார். உன் அண்ணனோ ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களை உட்காரச் சொல்கிறவள். மகள் மீனாவை அப்போதுதான் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்திருந்தோம். அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு குடும்பமாகப் பிரிந்துகொண்டிருந்தது. மனைவி ஊருக்குப் போவாள், புருஷன் நாலைந்து பேர் தங்கும் ரூமில் ஒரு கட்டில் பிடிப்பார். அதுதான் அப்போது எல்லாருக்கும் தெரிந்த வழி. நானும் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை சாப்பிட வந்த நீ அந்தப் பெட்டியைப் பார்த்தாய். தோசையைத் தின்று முடித்தாய். கை கழுவிவிட்டு வந்துதான் சொன்னாய்.

“அண்ணி, நாந்தான் இப்படிக் கெடக்கேன். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க ஊருக்குப் போனா எம்மவன் சின்னவன் என்னைய மாமான்னு கூப்பிடுதான். நீங்களும் அண்ணனும் இந்தச் சீரழிவு படணுமா?”

“அதுக்கு என்ன செய்யச் சொல்லுத? நடுரோட்டுலயா குடியிருக்க?” என்றேன்.

“கொஞ்சம் பொறுங்க. ஒரு வழி பாக்கேன்” என்று செருப்பைப் போட்டாய்.

உன் வழி மறுவாரம் எங்கள் கட்டட வாசலில் வந்து நின்றது. ஏலத்தில் எடுத்த பழைய ஆம்புலன்ஸ். தலையில் விளக்குகூட இன்னும் கழற்றவில்லை. வாட்ச்மேன் லிப்டைப் பிடித்து நிறுத்திவிட்டு எந்த மாடி என்று ஓடி வந்தார். மேல்வீட்டு மலையாள டீச்சர் கையில் ஜெபமாலையோடு இறங்கினார். யாருக்கு என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்க, நீ டிரைவர் சீட்டில் இருந்து குதித்து, “யாருக்கும் ஒண்ணும் இல்ல டீச்சர், அண்ணிக்கு வீடு வந்திருக்கு” என்றாய். நான் பால்கனியில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

செத்தவர்கள் போன வண்டியில் என்னைக் குடியிருக்கச் சொல்கிறாயா என்று உன்னைப் பார்த்துக் கத்தினேன். உன் அண்ணன் வழக்கம் போல சுவரைப் பார்த்தார். நீதான் அசையவில்லை.

“செத்தவங்கள ஏத்துத வண்டி வேற அண்ணி. இதுல ஏறுனவன் பூராப் பேரும் பொழைக்கணும்னு ஏறுனவன். ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரைக் கொண்டு சேத்த வண்டில்லா? நம்மளயும் கொண்டு சேக்கும்.”

உன்னோடு பேசி ஜெயிக்க முடியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசு ஒப்பவில்லை. ஆனால் கட்டி வைத்த பெட்டியையும் பார்த்தேன். உன் அண்ணன் ஏதோ ஒரு ரூமில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு ஊறுகாய்ப் பாட்டிலோடு சாப்பிடுகிறதை நினைத்தேன். சரி, செய் என்றேன்.

அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. டூட்டி முடிந்ததும் வண்டிக்குள் போய்விடுவாய். வண்டிகளுக்குப் பாடி கட்டுகிற ஒர்க்‌ஷாப்பில் பால் வண்டிக்கும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் செய்கிற வேலையைத்தான் செய்கிறேன் என்று சொல்வாய். ஆனால் பால் வண்டியின் அலமாரி மூலையை யாரும் கையால் தடவித் தடவித் தேய்ப்பதில்லை. உன்னோடு வெல்டிங் பிடித்த கான் பாய், அந்தப் பெஷாவர்க்காரர், என்னிடம் வந்து புகார் செய்தார். “பாபி, இவன் வெல்டிங்கை மூணு தடவை உடைக்கச் சொல்றான்” என்று இந்தியில் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர்களுக்கு அண்ணி என்றால் பாபி.

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளுவதற்குத் தரையில் இரண்டு தண்டவாளம் இருந்தது. அதைப் பிடுங்கிப் போடச் சொன்னேன். நீ அதன் மேல்தான் கட்டிலை ஓடவிட்டாய். பகலில் தள்ளினால் கட்டில் அடுப்பு மேடைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். நர்ஸ் உட்காரும் பெஞ்சுக்குள் அரிசி மூட்டை போனது. ஆக்சிஜன் சிலிண்டர் நின்ற அலமாரியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போனது. சலைன் பாட்டில் தொங்கவிடும் கொக்கியில் உன் அண்ணனின் டை தொங்கியது. ஒரு ஆம்புலன்ஸுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று அதை ஓட்டினவருக்கே தெரிந்திருக்காது.

பெயிண்டில் மட்டும் நம் இருவருக்கும் சண்டை. வானத்து நீலம் வேண்டும் என்றேன். நீ ஒரு லாண்டரிக் கம்பெனி வேனுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை அடித்து வைத்தாய். துவைக்கிற துணியைக் கொடுக்க இன்றைக்கும் யாராவது வந்து கதவைத் தட்டுகிறார்கள். இந்தப் பழியை நீதான் சுமக்க வேண்டும்.

குடி புகுந்த அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. உன் அண்ணன் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். வண்டி என்றால் சக்கரத்தில் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்றார். இது வீடு, வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும் என்றேன் நான். இருவரும் வாக்குவாதம் செய்ய, நீ நடுவே புகுந்து ரெண்டையும் செய்வோம் என்றாய். எலுமிச்சம்பழம் நசுங்கியது. பிறகு, “பால் எந்தப் பக்கமா அண்ணி பொங்கணும்?” என்று கேட்டாய். கிழக்குப் பக்கம் என்றேன். அடுப்பு மேற்கே பார்த்து நின்றது. நீ ஏறி வண்டியை ஒடித்துத் திருப்பி ஒர்க்‌ஷாப் வாசலில் குறுக்கே நிறுத்தினாய். உள்ளே வரவேண்டிய லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அர்பாப், உங்கள் முதலாளி, வெளியே வந்து என்ன என்று கேட்கிறார். நீ அரபியும் இந்தியும் கலந்து கையை ஆட்டி ஆட்டி விளக்கினாய். அவருக்கு என்ன புரிந்ததோ, கடைசியில் அவரும் உள்ளே எட்டிப் பார்த்து நின்றுகொண்டார்.

பால் பொங்கியது. நிறையவே பொங்கியது. கிழக்கே பொங்கி மேடையில் வழிந்து, நீ மேடைக்குப் பின்னால் பொருத்தி வைத்திருந்த ப்யூஸ் பெட்டிக்குள் போனது. டப் என்று ஒரு சத்தம். விளக்குப் போனது, ஏசி போனது, கருகின பால் வாசனை மட்டும் மிச்சம். ஆகஸ்ட் மாத வெயிலில் கான் பாயோடு சேர்த்து ஐந்து பேர் அந்த வண்டிக்குள் முழித்துக்கொண்டு நின்றோம்.

“பொங்கிருச்சுல்லா அண்ணி, அது போதும்” என்றாய்.

“கலாஸ்” என்றார் அர்பாப், முடிந்தது கதை என்று.

பால் பொங்குவதற்காகவே ஒரு வீடு கட்டுகிறவன், பொங்கின பால் எங்கே போகும் என்று யோசிக்க வேண்டாமா? மறுநாள் அத்தனை வயரையும் பிடுங்கி மேலே ஏற்றினாய். அதுவரைக்கும் நாங்கள் அட்டையால் விசிறிக்கொண்டு கிடந்தோம்.

ஆனாலும் இசக்கி, அந்த வண்டியில் நாங்கள் பிரியாமல் இருந்தோம். அதைச் சொல்லாமல் வேறு என்ன சொன்னாலும் வீண். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தால் பேச ஒரு ஆள் இருந்தார். அர்பாப் ஆபீசுக்குப் பின்னால் உள்ள குளியலறைச் சாவியை எங்களுக்கே கொடுத்துவிட்டார். சுற்றிலும் ஆம்பளைகள் மட்டும் இருக்கிற இடம், எப்படி இருக்கப் போகிறேன் என்று பயந்தேன். ஒரு மாதத்தில் அத்தனை பேருக்கும் நான் பாபி ஆகிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆனால் நாம் மூன்று பேரும் உம் அல் குவைன் கடற்கரைக்குப் போவோம். வீட்டையே கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிற குடும்பம் நம்மைத் தவிர யார் இருந்தார்கள்?

அங்கே ஒரு வெள்ளிக்கிழமைதான் நான் உனக்கு வாக்குக் கொடுத்தேன். உன் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது. உன் அண்ணன் பேரில் விசிட் விசா எடுத்து வள்ளியை ஒரு மாதம் அழைப்போம், அந்த ஒரு மாதம் வண்டி உங்கள் இருவருக்கும், நாங்கள் எங்கேயாவது ஒண்டிக்கொள்கிறோம் என்றேன். நீ சும்மா விளையாடாதிய என்றாய். ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினாய். உனக்குப் பாட்டும் வராது, அது வேறு விஷயம்.

குளிர் காலம் வரட்டும், வெயிலில் அவள் வதங்கிவிடுவாள் என்று சொன்னாய். ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும் என்று சொன்னாய். குளிர் காலம் வந்தது. நீ இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கை கழுவப் போனவன் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாய் என்று கான் பாய் சொன்னார். உன்னைக் கொண்டு போக வந்ததும் இதே மாதிரி ஒரு வண்டிதான், புதுசு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட அது உன்னை உயிரோடு கொண்டு சேர்க்கவில்லை. உன் பேச்சை நம்பினவள் நான். உன் மேல் எனக்குக் கோபம் வந்த நாள் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் சும்மா. உனக்கு வயது நாற்பதைத் தாண்டி அதிகம் போகவில்லை. என் வயிற்றில் பிறந்திருந்தாலும் அவ்வளவுதான் அழுதிருப்பேன்.

உன் அண்ணன்தான் உன்னை ஊருக்குக் கொண்டு போனார். காரியம் முடித்துத் திரும்பி வந்தார். வள்ளி என்ன சொன்னாள் என்று கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டாள் என்றார். அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்து, பிறகு நான் அவளுக்குப் போன் செய்தேன். கொடுத்த வாக்கு கொடுத்ததுதானே. நீ இல்லாவிட்டாலும் அந்த ஒரு மாதம் அவளுக்கு உண்டு, வந்துவிட்டுப் போ என்றேன்.

“நான் வரல அக்கா” என்றாள். “ஆம்புலன்ஸ்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதிய. திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல இருந்து அவுகளக் கொண்டாந்து வாசல்ல நிப்பாட்டி, பின்கதவைத் திறந்தாவ பாருங்க. அந்தச் சத்தம் இன்னும் எங்காதுல கெடக்கு.”

நான் அதற்கு மேல் என்ன பேசுவேன்? நமக்கு இது வீடு. அவளுக்கு இது உன்னைக் கொண்டு வந்து இறக்கிய வண்டி. இரண்டுமே உண்மைதானே?

இதற்கிடையில் இங்கே காலம் மாறிவிட்டது, உனக்குத் தெரியாது. பாதிக் கட்டடங்கள் கிரேனோடு அப்படியே நிற்கின்றன. ஏறின வாடகை இறங்கிவிட்டது. இனிமேல் எதற்கு அந்தப் பச்சை டப்பா, விற்றுவிட்டு பிளாட் எடுங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மீனாகூடப் போனில், “மம்மி, ஃபிரெண்ட்ஸ் கிட்ட அட்ரஸ் சொல்ல முடியல, ப்ளீஸ்” என்றாள். வள்ளி ஒரு தடவை வந்து இருந்துவிட்டுப் போகட்டும், அதுவரைக்கும் விற்கிற பேச்சே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும். உன் அண்ணனும் அதையேதான் நினைத்திருக்கிறார், ஆனால் என் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார்.

போன மாதம் அவளே கூப்பிட்டாள். ஊரில் நீ ஆரம்பித்த வீடு லிண்டல் மட்டத்தோடு, கூரை இல்லாமல் நிற்கிறது. மழையில் செங்கல் எல்லாம் பாசி பிடித்துவிட்டதாம்.

“இங்க ஆரம்பிச்சது அப்படியே நிக்கி. அங்க ஒரு வீட்டை அவுக முழுசா செஞ்சு முடிச்சாவன்னு சொல்லுதிய. அதை நான் ஒருக்க கண்ணால பாக்கணும் அக்கா. ஏறுவனா என்னன்னு தெரியல. பாக்கணும்.”

ஊரில் விடுவார்களா? புருஷன் போனவளுக்கு வெளிநாடு கேக்குதோ என்று உங்கள் சித்தப்பா வீட்டில் பேசியிருக்கிறார்கள். உன் அண்ணன் போனை எடுத்தார். “எந்தம்பி செஞ்ச வீட்டுக்கு அவன் பொண்டாட்டி வாரா. எவம்டே கேக்கது?” என்றார். அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

இப்போது நான் செய்து வைத்திருக்கிற ஏற்பாட்டைக் கேள். பின்கதவு அவள் கண்ணில் படக்கூடாது என்று வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிச் சுவரோடு ஒட்டி நிறுத்தச் சொன்னேன். அப்புறம் எப்படி ஏறுவது? நடுவில் ஒரு தள்ளுகதவு இருக்கிறதே, சிலிண்டர் அலமாரியை வைத்து மறைத்துவிட்டோமே, அது. கான் பாயும் இன்னும் இரண்டு பேரும் போன வெள்ளிக்கிழமை லீவு நாளில் வந்து அலமாரியை எடுத்து, துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு அந்தக் கதவை ஓட வைத்துவிட்டார்கள். நீ செய்ததை உடைக்கிறோமே என்று கான் பாய் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வள்ளிக்காக என்றதும் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார். கதவுக்குப் பூப்போட்ட திரை போட்டிருக்கிறேன். கோலம்கூடப் போட்டேன், லாரி வந்து அழித்துவிட்டது.

கேட் பக்கம் கார் சத்தம் கேட்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.

*

ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, பேனாவைத் தொட நேரமில்லை. ஒன்று விடாமல் சொல்கிறேன்.

இளைத்துவிட்டாள். நீ பார்த்தால் என்னைத்தான் திட்டுவாய். கையில் ஒரு பை நிறைய கருப்பட்டியும் வத்தலும். காரை விட்டு இறங்கினதும், “வெயிலு நம்மூரு மாதிரிதான் இருக்கு” என்றாள். வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தாள். பச்சை நிறத்தைப் பார்த்தாள். மெதுவாக நடந்து தள்ளுகதவுப் பக்கம் வந்து, திரையை ஒதுக்காமல் அதன் விளிம்பைத் தடவினாள்.

“இந்தக் கதவு இப்பத்தான வச்சிருக்கிய? எண்ணெ கூட காயல.”

“உனக்காகத்தான் வள்ளி” என்றேன்.

“பின்கதவு எங்க?”

நான் திரையை ஒதுக்கிப் பிடித்தேன். உன் அண்ணன், “அது வேண்டாம்மா, இப்படி ஏறு” என்றார்.

“வண்டியக் கொஞ்சம் முன்னால எடுக்கச் சொல்லுங்க அத்தான்.”

கான் பாய்க்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே சாவியைப் போட்டு வண்டியை முன்னால் எடுத்தார். வள்ளி சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவுக்கு முன்னால் நின்றாள். எந்தக் கைப்பிடி என்று கேட்டாள். நான் திறக்கட்டுமா என்றதற்குத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவளேதான் திறந்தாள். அந்தக் கதவு எப்போதும் கொஞ்சம் சத்தம் போடும். அன்றைக்கும் போட்டது. அவள் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். நான் என் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். தவறு செய்துவிட்டோம், இவளை வரவழைத்திருக்கக் கூடாது என்றுகூட நினைத்தேன்.

கண்ணைத் திறந்ததும் உள்ளே பார்த்தாள். மடித்து வைத்த போர்வை, கழுவிக் கவிழ்த்த பாத்திரம், முருகன் காலண்டர், உன் அண்ணனின் டை. வெகுநேரம் பார்த்தாள்.

“இந்த வாசல்ல அவுக என்ன செய்வாவ?” என்று கேட்டாள்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கடற்கரையில் இசக்கி இந்தப் பின்படியில் உட்கார்ந்துகொண்டுதான் போன் கார்டைச் சுரண்டி உன்னோடு பேசுவான், எங்களைத் தள்ளிப் போங்கள் என்று கையைக் காட்டுவான், அலைச் சத்தம் கேக்குதா கேக்குதா என்று கத்துவான் என்றேன்.

“அந்த எரைச்சல் இங்க இருந்துதான் வந்துச்சா?” என்றாள். “நான் லாரி போகுதுன்னுல்லா நெனச்சேன்.”

சொல்லிவிட்டு அந்தப் படியில் உட்கார்ந்தாள். அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கான் பாய் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டார். உன் அண்ணன் சுவரைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அத்தான் அங்கனயே நிக்காவ பாருங்க. கட்டங்காப்பி போடட்டா அக்கா? காப்பித்தூள் எங்க?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து, அந்தப் பின்கதவு வழியாகவே உள்ளே ஏறினாள். ஏறியதை அவள் கவனித்தாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் கவனித்தேன், இசக்கி.

இன்னொன்று உன்னிடம் கேட்க வேண்டும். அந்த அடுப்பு மேடை எனக்கு என்றைக்குமே தாழ்வு. குனிந்து குனிந்து தோசை சுட்டு முதுகு போயிற்று. அவள் குள்ளச்சி. போய் நின்றாள், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி மேடை அவள் கைக்கு நேராக வந்தது. நீ தெரிந்தேதான் அப்படிச் செய்தாயா? இல்லை, வீட்டுப் பொம்பளை என்று நினைத்ததும் உன் கைக்கு அந்த உயரம்தான் வந்ததா? கான் பாயிடம் கேட்டேன். அவருக்குத் தெரியாதாம். தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறாரோ என்னவோ.

இப்போது வண்டி முழுக்க அவள் ராஜ்ஜியம். நானும் உன் அண்ணனும் அர்பாப் கொடுத்த ஆபீஸ் ரூமில் பாய் விரித்துப் படுக்கிறோம். காலையில் போய்க் கதவைத் தட்டிக் காபி வாங்கிக் குடிக்கிறோம், விருந்தாளி மாதிரி. என் பாத்திரங்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டாள். புளி டப்பாவைத் தேடி எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. “இப்படி வச்சாத்தான் கைக்கு எட்டும் அக்கா” என்கிறாள். ஓரகத்திக்கு ஒரு மாதம் வீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீ அன்றைக்கே எச்சரித்திருக்கலாம். தேங்காய்ப்பாலில் சொதி வைத்துக் கான் பாய்க்குக் கொடுத்தாள். அவர் அதை ரொட்டியில் தொட்டுத் தின்றுவிட்டு, இசக்கி ஏன் இத்தனை வருஷம் என்னிடம் இதைச் சொல்லவில்லை என்று என்னோடு சண்டைக்கு வந்தார்.

நேற்று வெள்ளிக்கிழமை. கடலுக்குப் போனோம். உன் அண்ணன்தான் ஓட்டினார், நீ ஓட்டுகிற மாதிரி இல்லை, மாட்டு வண்டி மாதிரி. வள்ளி தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஊரில் இருந்து பிள்ளைகள் பேசினார்கள். கை ஈரமாக இருந்ததால் போனை நான்தான் அவள் காதில் பிடித்தேன். அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

“யம்மா, எங்க இருக்க?” என்றான் சின்னவன்.

“நம்ம வீட்ல இருக்கேன்ல.”

“நம்ம வீடுதான் இன்னும் கட்டி முடிக்கலையே.”

“இது முடிச்சாச்சுல. உங்கப்பா கட்டி முடிச்சாவ. கதவு, ஜன்னல், அடுப்பு எல்லாம் இருக்கு. நான் சமைச்சிட்டு இருக்கேன், நீ போய் சாப்பிடு.”

வெங்காயத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

ஆகவே கொழுந்தனாரே, கேட்டுக்கொள். இந்த வண்டியை விற்கப் போவதில்லை. நாளைக்கு நாங்கள் பிளாட் எடுத்தாலும் எடுப்போம், மீனாவுக்கு அட்ரஸ் வேண்டுமாம். ஆனால் இது இங்கேயே நிற்கும், அர்பாப் சரி என்று தலையை ஆட்டிவிட்டார். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரையும் வள்ளியோடு இங்கே கொண்டு வருகிறோம், விசா வேலையை உன் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். அந்தக் கட்டிலை இழுத்துப் போட்டு அவர்களை அதில் படுக்க வைப்பேன். எங்கள் அப்பா கட்டின வீட்டில் தூங்கினோம் என்று உன் சின்னவன் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வான். சொல்ல வைப்பேன், இது உன் அண்ணியின் வாக்கு.

உன்னைத் திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ மிச்சம் வைத்திருக்கும்,
உன் அண்ணி பார்வதி